ஒரே இடத்தில் ஈறு வீங்குகிறதா? காரணத்தை அந்த இடத்திலேயே தேடுங்கள்

சேலம் அம்மாபேட்டையில் என் பல் கிளினிக்குக்கு வருகிறவர்கள் ஈறு பற்றிப் பேச ஆரம்பித்தால் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த பேஸ்ட் நல்லதுங்க டாக்டரம்மா?" நான் திருப்பிக் கேட்பேன்: "எந்தப் பல்லுக்குப் பக்கத்துல ரத்தம் வருதுங்க?" பலருக்குப் பதில் தெரியாது. "எல்லா இடத்துலயும்தான்" என்பார்கள். வாயைத் திறந்து பார்த்தால் நான்கைந்து இடங்கள் மட்டும் சிவந்து உப்பியிருக்கும், மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருக்கும். அதே வாய், அதே பேஸ்ட், அதே பிரஷ். அப்படியென்றால் அந்த நான்கைந்து இடங்களில் ஏதோ ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எடுக்காதவரை எத்தனை பேஸ்ட் மாற்றினாலும் ஈறு ஆறாது.

அந்தத் தேடலை வீட்டிலேயே செய்ய முடியும். முழுவதையும் நீங்களே சரிசெய்துவிட முடியாது, ஆனால் எங்கே என்ன என்று தெரிந்துகொண்டு மருத்துவரிடம் போகிறவருக்குக் கிடைக்கும் சிகிச்சையே வேறு.

முதலில் ஊத்தை

ஈறு நோய்க்கு மூலம் ஊத்தை. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் வழவழவென்று தட்டுப்படுமே, அந்தப் படலம். சாப்பாட்டு மிச்சம் என்று நினைப்போம். உண்மையில் அது உயிருள்ள கிருமிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கட்டிய அடுக்கு. வாய் கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும்.

1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் உடன் வேலை செய்தவர்களும் 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆரம்பக் கட்ட ஈறு நோய் முழுக்கக் குணமாகக்கூடியது என்று நான் தைரியமாகச் சொல்வதற்கு அந்த ஆய்வு ஒரு காரணம்.

அதே லோ பிற்பாடு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அவர்களுக்குப் பல் மருத்துவம் எட்டவே இல்லை. எல்லார் பல்லிலும் ஊத்தையும், அது இறுகிக் கல்லான காரையும் இருந்தன. ஆனால் சுமார் 8 சதவீதம் பேருக்குப் பல்லைப் பிடித்திருக்கும் பகுதி வேகமாக அழிந்தது, 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகத்தில், மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. ஆளுக்கு ஆள் உடம்பு வேறு. அதை மாற்றுவது நம் கையில் இல்லை. ஊத்தை தங்குவதற்கு வாய்க்குள் எங்கெங்கே இடம் கொடுத்திருக்கிறோம் என்பது பெருமளவு நம் கையில் இருக்கிறது. நாம் தேடப்போவது அந்த இடங்களைத்தான்.

தேடுவது எப்படி

இரவு சாப்பிட்டு முடித்து, துலக்குவதற்கு முன்பு செய்யுங்கள். நல்ல கண்ணாடி, போன் டார்ச், மருந்துக் கடையில் விற்கும் ஃப்ளாஸ் நூல், ஒரு தாள், பேனா போதும். தையல் நூலை எடுக்காதீர்கள், அது ஈறை அறுக்கும். தாளில் மேல் வரிசைக்கு ஒரு வளைவு, கீழ் வரிசைக்கு ஒரு வளைவு போட்டு, பல்லுக்கு ஒரு வட்டம் வரைந்துகொள்ளுங்கள். இல்லாத பல்லின் இடத்தை வெறுமையாக விடுங்கள். அந்த வெற்றிடம் பின்னால் முக்கியமாகப் படும்.

ஊத்தை பல்லின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதைச் சிவப்பாகக் காட்டும் மாத்திரையும் திரவமும் இருக்கின்றன. கிடைக்காவிட்டால் கேக்கில் போடும் சிவப்பு உணவு நிறத்தில் இரண்டு சொட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, அரை நிமிடம் வாயில் சுழற்றித் துப்புங்கள். பிறகு சாதாரணத் தண்ணீரில் ஒரு தடவை கொப்பளியுங்கள். நிறம் எங்கெல்லாம் ஒட்டி நிற்கிறதோ அங்கெல்லாம் ஊத்தை. பழைய சட்டை போட்டுக்கொண்டு செய்யுங்கள், கறை எளிதில் போகாது. நிறம் நின்ற பற்களைத் தாளில் குறியுங்கள்.

அடுத்து ஃப்ளாஸ். ஒரு முழம் நூலை இரண்டு நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு பல் இடுக்கிலும் மெல்ல ரம்பம்போல் அசைத்து இறக்குங்கள். சடக்கென்று அழுத்தினால் ஈறில் வெட்டும். இறங்கியதும் நூலை ஒரு பல்லோடு அணைத்து மேலும் கீழும் இரண்டு தடவை ஓட்டி, பிறகு பக்கத்துப் பல்லோடு அதேபோல். நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். ரத்தம் வந்ததா? நூல் பிரிந்து பஞ்சு பஞ்சாக வந்ததா? தடையே இல்லாமல் தொளதொளவென்று இறங்கியதா? வெளியே எடுத்த நூலில் நாற்றம் அடிக்கிறதா? எந்த இடுக்கில் எது என்று தாளில் எழுதுங்கள். ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைச் செய்வதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நிறத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நம் ஊர்க்காரர்களில் பலருக்கு ஈறு இயல்பாகவே கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். அது தோலில் இருக்கும் அதே நிறமி, நோய் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் "ஈறு கருப்பா இருக்குங்க, ஏதோ வியாதிபோல" என்று அழாக்குறையாக வரும் பெண்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஈறின் ஓரத்தை. பல்லோடு கத்திமுனைபோல் மெலிந்து ஒட்டியிருந்தால் நல்லது. தடித்து, பளபளத்து, உருண்டு, தொட்டால் ரத்தம் வந்தால் அங்கே வேலை இருக்கிறது.

காரை எங்கே, ஏன்

ஊத்தையை எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து கல்லாகிவிடும். அதுதான் காரை. கல்லாக மாறும் ஊத்தை இரண்டே நாளில் பாதி இறுகிவிடக்கூடும். "எங்க ஏரியாவுல போர் தண்ணி உப்புங்க, அதான் பல்லுல காரை" என்று சேலத்தில் கேட்காத நாளில்லை. தண்ணீர்மேல் பழி போட வேண்டாம். காரைக்கு வேண்டிய உப்பு முக்கியமாக உங்கள் எச்சிலிலிருந்தே வருகிறது. அதனால்தான் எச்சில் சுரந்து வரும் வாயில்களுக்கு நேராக அது அதிகம் சேர்கிறது: கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கம், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கம். டார்ச்சை வைத்துக்கொண்டு முதலில் இந்த இரண்டு இடங்களையும் பாருங்கள். நாக்குப் பக்கம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ சுண்ணாம்புக் கட்டிபோல் ஏதாவது ஒட்டியிருந்தால் அதுவே காரை.

இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. தருமபுரி, சேலம் மாவட்டங்களின் சில ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அங்கே வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறையும் வெள்ளைத் திட்டும் இருக்கும். அது பல் உருவாகும் காலத்திலேயே உள்ளே பதிந்தது. தேய்த்தாலும் போகாது, க்ளீனிங் செய்தாலும் போகாது. அதைக் காரை என்று நினைத்து செங்கல் தூளும் கரித்தூளும் போட்டுத் தேய்த்து, பல்லையும் ஈறையும் சேர்த்தே தேய்த்துவிட்டவர்கள் உண்டு.

காரை தன்னளவில் ஒரு கல்தான். ஆனால் சொரசொரப்பான சுவரில் பாசி பிடிப்பதுபோல் அதன் மேல் புது ஊத்தை சட்டென்று பிடித்துக்கொள்கிறது, பிரஷ்ஷால் அதை முழுக்க எடுக்க முடிவதில்லை. ஈறுக்கு அடியில் இறங்கிய காரை இன்னும் மோசம், அது கண்ணுக்கே தெரியாது. காரையை ஊக்காலோ பிளேடாலோ சுரண்டாதீர்கள். கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும்.

"க்ளீன் பண்ணா பல்லு ஆடிப்போயிடும்" என்ற பயத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரே பயத்தால் பல்லை இழந்தவர்களைப் பார்த்து மனது கனத்துப் போயிருக்கிறது. காரை பல் இடுக்கை அடைத்துக்கொண்டு நிற்கும்போது ஈறும் வீங்கியிருக்கும். காரையை எடுத்த பிறகு வீக்கம் வற்றும், முன்பே உண்டாகிவிட்ட இடைவெளி அப்போது கண்ணுக்குத் தெரியும். எலும்பு ஏற்கனவே கரைந்துபோன பல், காரையின் பிடிப்பு போனதும் ஆடுவது உணரப்படும். பல்லைக் கெடுத்தது காரைதான். அதை எடுத்த கைமேல் குறை இல்லை. கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும், குறைந்துவிடும்.

சாப்பிட்டால் அங்கேயே மாட்டுகிறதா?

மாம்பழ சீசன் வந்தால் என்னிடம் ஒரு கூட்டம் வரும். "நார் மாட்டிக்கிச்சுங்க, மூணு நாளா வலி." எல்லார் பல்லிலும் நார் மாட்டும், அடுத்த வேளைக்குள் போய்விடும். ஆனால் எப்போது சாப்பிட்டாலும் அதே இடுக்கில் மாட்டுகிறது, மாம்பழம் என்றாலும் கறி என்றாலும் தட்டுவடை செட் என்றாலும் அங்கேதான் என்றால், அந்த இடுக்கில் கோளாறு இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் சாப்பாடு அங்கே ஆப்புபோல் இறங்கி ஈறை அழுத்துகிறது, அழுகுகிறது, கிருமிக்கு இடம் கொடுக்கிறது. நாளடைவில் உள்ளே எலும்பு கரைகிறது. மற்ற முப்பது பற்களைச் சுற்றி எலும்பு திடமாக இருக்க, ஒரே இடுக்கில் மட்டும் பள்ளம் விழுந்திருப்பதை எக்ஸ்ரேயில் பார்க்கும்போது முதலில் நான் கேட்பது, "இங்க அடிக்கடி சாப்பாடு மாட்டுமாங்க?" என்பதுதான்.

உங்கள் தாளைப் பாருங்கள். ஃப்ளாஸ் தொளதொளவென்று இறங்கிய இடமும் சாப்பாடு மாட்டும் இடமும் ஒன்றாக இருக்கிறதா? இரண்டு பற்களும் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டிய இடம் விட்டுப்போயிருக்கிறது. ஏன் விட்டது என்று பார்க்க வேண்டும். பல் இடுக்கில் சொத்தை விழுந்து ஓரம் உடைந்திருக்கலாம். பழைய அடைப்பு பக்கத்துப் பல்லைத் தொடாமல் குட்டையாக இருக்கலாம். எதிர் வரிசைப் பல்லின் கூரான முனை சரியாக அந்த இடுக்கில் இறங்கி, மெல்லும்போதெல்லாம் சாப்பாட்டைக் குத்தித் திணிக்கலாம். முதல் இரண்டும் அடைத்தால் சரியாகும். மூன்றாவதில் முனையை லேசாக வட்டமாக்கினாலே பெரும்பாலும் தொல்லை தீர்ந்துவிடும்.

நான்காவது காரணம் நம் ஊரில் மிக அதிகம். பிடுங்கிய பல்லின் இடத்தைக் காலியாகவே விட்டுவிடுவது. ஆறு வயது வாக்கில் பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பால்பல்லும் விழாமல் அது வருவதால் பெற்றோருக்குத் தெரிவதே இல்லை. சொத்தை வந்தால் "பால்பல்லுதானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். பதினைந்து வயதுக்குள் அதைப் பிடுங்கும் நிலை வருகிறது. அதன்பின் பின்னால் இருக்கும் பல் முன்பக்கம் சாய்கிறது, எதிர்ப்பக்கப் பல் அந்த வெற்றிடத்துக்குள் நீண்டு இறங்குகிறது, சுற்றி இருக்கும் இடுக்கெல்லாம் திறந்துகொள்கிறது. செவ்வாய்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் ஒருவர் இப்படித்தான் வந்தார். மாட்டிய சாப்பாட்டைக் குத்தி எடுக்கக் கொலுசுக்கு வைத்திருக்கும் வெள்ளிக் கம்பித் துண்டையே பழக்கமாக்கிக்கொண்டிருந்தார். சாய்ந்த பல்லின் முன்பக்கம், ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து ஆழமான பள்ளம், நாங்கள் பை என்போம், அதில் சீழ். காரணம் அவர் பள்ளியில் படிக்கும்போது பிடுங்கிய ஒரு பல்.

உங்கள் பிள்ளைக்கு ஆறேழு வயதா? இன்றே டார்ச் அடித்துக் கடைசியில் புதுப் பல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேல்பரப்பில் கருப்புக் கோடு தெரிந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

மாட்டியதை எடுக்க ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி, துடைப்பக் குச்சி எதுவும் வேண்டாம். ஃப்ளாஸ், அல்லது இடுக்குக்கென்றே விற்கும் குட்டிப் பிரஷ்.

பல் வைத்தியமே காரணமாவது

இதை எழுத ஒரு பல் மருத்துவருக்குத் தயக்கம் வரலாம். எனக்குத் தயக்கம் இல்லை, ஏனென்றால் நோயாளிக்குத் தெரிந்தால்தான் கேட்பார்.

ஃப்ளாஸ் நூல் பிரிந்து பஞ்சாக வந்த இடத்தைப் பாருங்கள். அங்கே அடைத்த பல் இருக்கிறதா? கேப் போட்ட பல்லா? அடைப்பின் ஓரம் பல்லின் விளிம்பைத் தாண்டிப் படிக்கட்டுபோல் நீட்டிக்கொண்டு நின்றால் நூல் அதில் சிக்கிப் பிரியும். அந்தப் படிக்கு அடியில் ஊத்தை நிரந்தரமாகக் குடியிருக்கும், எந்தப் பிரஷ்ஷும் போகாது. பெரும்பாலும் புதிதாக அடைக்கக்கூட வேண்டியதில்லை. நீட்டிய ஓரத்தை மருத்துவர் தேய்த்து வழவழப்பாக்கினாலே சில வாரங்களில் ஈறு வீக்கம் வற்றிவிடும். கேப்பும் அப்படியே. ஓரம் சரியாக உட்காராமல் தடித்திருந்தாலும், அழகுக்காக ஈறுக்கு அடியில் அதிக ஆழம் தள்ளியிருந்தாலும், அந்த ஒரு பல்லைச் சுற்றி மட்டும் ஈறு நீலச் சிவப்பாக இருக்கும். கேப் போட்ட அன்றே மருத்துவரிடம், "இதுக்குப் பக்கத்துல ஃப்ளாஸ் எப்படிப் போடணும், காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் முன்னாலேயே நூல் சிக்கினால் அங்கேயே தெரிந்துவிடும்.

பிரிட்ஜ், அதாவது இரண்டு பக்கப் பற்களைப் பிடித்துக் கட்டும் நிலையான பல் வரிசை போட்டவர்களுக்கு, நடுவில் தொங்கும் பல்லின் அடியிலும் சாப்பாடு தங்கும். மேலிருந்து சாதாரண ஃப்ளாஸ் இறங்காது. முனை விறைப்பாக இருக்கும் சிறப்பு ஃப்ளாஸை ஊசியில் நூல் கோப்பதுபோல் பக்கவாட்டில் நுழைத்து, அடியைத் துடைக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தராததால் பிரிட்ஜைத் தாங்கும் நல்ல பற்களே ஈறு கெட்டு ஆடுகின்றன.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. "கழட்டி மாட்டத் தேவையில்லை, அரை மணி நேரத்துல ஃபிக்ஸ் பண்ணித் தர்றோம்" என்று படிப்பும் பதிவும் இல்லாதவர்கள் ஒட்டிவிடும் பல். குளிர்ந்த நிலையில் தானே இறுகும் பிளாஸ்டிக் மாவை எடுத்து, பக்கத்துப் பற்களின் கழுத்தைச் சுற்றியும் ஈறின் மேலும் அப்பி, சில சமயம் கம்பியும் கட்டிவிடுகிறார்கள். விலை குறைவு, வேலை அன்றே முடிந்துவிடும். மலையில் தோட்ட வேலை செய்கிறவர்கள் அன்றாடக் கூலியை விட்டுவிட்டுச் சேலத்துக்குப் பலமுறை இறங்கி வர முடியாமல் இதற்குப் போகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாவுக்கு அடியில் துலக்கவே முடியாது. ஓரிரு ஆண்டில் பக்கத்தில் இருந்த இரண்டு நல்ல பற்களும் ஆட ஆரம்பிக்கும். ஒன்றுக்கு மூன்றாகப் போகும். அதேபோல் மேல் பல் செட்டில் ரப்பர் வட்டம் வைத்து உறிஞ்சிப் பிடிக்க வைப்பது. அது அண்ணத்தைப் புண்ணாக்கி, நாளடைவில் ஓட்டையே போட்டுவிடக்கூடும். வாயில் இவற்றில் எது இருந்தாலும் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம், எடுக்கச் சொல்லுங்கள். செலவுதான் தடை என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பொதுவாகக் கட்டணம் குறைவு.

கழற்றி மாட்டும் பல் செட் வைத்திருப்பவர்கள் இரவில் கட்டாயம் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். கம்பி பிடிக்கும் பற்களை மற்றவற்றைவிடக் கூடுதல் கவனத்தோடு துலக்குங்கள், முதலில் போவது அவைதான்.

நெரிசல், கம்பி, கடைசிப் பல்

தெத்துப் பல்லும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பற்களும் இருந்தால் ஊத்தை ஒளிந்துகொள்ள இடம் அதிகம். அந்த இடத்தில் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து ஒவ்வொரு பல்லாகத் தேய்க்க வேண்டும். கம்பி போட்டிருக்கும் காலத்தில் இது இரட்டிப்பு வேலை. கம்பிக்கு மேல், கம்பிக்குக் கீழ் என்று தனித்தனியாகத் துலக்க வேண்டும். கடைசி ஞானப்பல் பாதி முளைத்து, அதன்மேல் ஈறு மூடிபோல் கிடந்தால் அதற்கடியில் சாப்பாடு புகுந்து வீங்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது தற்காலிக நிம்மதி. வாய் திறக்க முடியாமல் போனாலோ விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வாயால் மூச்சு விடுவது

ஏற்காட்டுக் குளிரில் மூக்கடைத்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகளைப் பள்ளி முகாம்களில் நிறையப் பார்க்கிறேன். மேல் முன்பற்களின் ஈறு மட்டும் சிவந்து, ஈரம் இல்லாமல் மினுங்கும். கடைவாயில் ஒன்றும் இருக்காது. துலக்கவில்லை என்று வீட்டில் பிள்ளையைத் திட்டுகிறார்கள். தூங்கும்போது வாய் திறந்திருப்பதால் அந்த ஈறு காய்கிறது, எச்சிலின் பாதுகாப்பு அதற்குக் கிடைப்பதில்லை. உதடு குட்டையாக இருந்து வாய் மூடாமல் இருக்கும் பெரியவர்களுக்கும் இப்படி ஆகும்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு வாய் தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சு விடச் சொல்லுங்கள். சீக்கிரமே துப்பிவிட்டால் மூக்கில் அடைப்பு இருக்கிறது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கு சரியாகாமல் ஈறு சரியாகாது.

பழக்கங்கள்

வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறவர்கள் எப்போதும் ஒரே கன்னத்தில்தான் ஒதுக்குவார்கள். அந்தப் பக்கத்து ஈறு பல்லைவிட்டு இறங்கி வேர் தெரியும். கன்னத்தை இழுத்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ, சுரண்டினால் போகாத தடிப்போ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் அது ஈறு விஷயம் மட்டும் அல்ல, புற்றுநோய் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். சிகரெட், பீடி பிடிக்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து. அவர்கள் ஈறில் ரத்தம் குறைவாகவே வரும். "எனக்கு ரத்தமே வராதுங்க" என்று நிம்மதியாக இருப்பார்கள், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். உங்கள் தாளில் ரத்தக் குறி இல்லாததை நம்பாமல் மருத்துவரிடம் பையின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள்.

தறியிலும் தையல் மெஷினிலும் உட்காருகிறவர்கள் நூலை முன்பல்லால் கடித்து அறுப்பதை நிறுத்துங்கள். பல்லின் விளிம்பில் வெட்டு விழும், ஈறும் காயப்படும். ஒரு சின்ன நூல்வெட்டியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும். வேப்பங்குச்சி வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. முனையை நன்றாக மென்று நாராக்கி மெதுவாகத் தேய்த்தால் வெளிப்பக்கம் சுத்தமாகும், ஆனால் நாக்குப் பக்கமும் இடுக்கும் அப்படியே நிற்கும். கடினமான பிரஷ்ஷை வைத்துக் குறுக்கே அழுத்தித் தேய்ப்பதால் கோரைப்பல் பக்கம் ஈறு இறங்கி, பல்லின் கழுத்தில் பள்ளம் விழும். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் அதிகம்.

எந்தக் குறிப்பிட்ட இடமும் இல்லாமல் வாய் முழுக்கவே ஈறு வீங்கியிருந்தால் உடம்பையும் பாருங்கள். சர்க்கரை அளவு, கர்ப்பம், வலிப்புக்குப் போடும் ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்குப் போடும் அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் காரணமாக இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குறித்த இடத்தைக் கவனிப்பது

இரவில் ஐந்து நிமிடம் போதும். முதலில் குறித்த இடங்கள், பிறகு மற்றவை. பெரும்பாலோர் முன்பல்லில் தொடங்கிச் சோர்ந்துபோய்க் கடைவாயில் முடிக்கிறார்கள். வரிசையை மாற்றினாலே பாதி வேலை நடந்துவிடும். மென்மையான பிரஷ், ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக, ஏறத்தாழ 45 டிகிரியில் வைத்து, இருந்த இடத்திலேயே சின்னச் சின்ன அசைவாக. பிரஷ்ஷின் முடி ஈறுக்கடியில் ஒரு மில்லிமீட்டர் போல்தான் போகும், அதனால்தான் இடுக்குக்குத் தனிக் கருவி. இடுக்கு நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ், திறந்திருந்தால் குட்டிப் பிரஷ். குட்டிப் பிரஷ்ஷின் கம்பி பல்லில் உரசாமல், முடி மட்டும் லேசாக இறுக்கமாகப் போகும் அளவு சரி. ஒரே வாயில் இரண்டு அளவு தேவைப்படலாம். முதல் சில நாள் ரத்தம் வரும், அதைப் பார்த்து நிறுத்தாதீர்கள். காரணம் வெறும் ஊத்தை என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டால் அங்கே காரையோ அடைப்பின் நீட்டிய ஓரமோ சொத்தையோ இருக்கிறது, அது உங்கள் கைக்கு எட்டாது.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும், பொதுவாக இரண்டு வாரம் போல. அதிகமானால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், நாக்கின் சுவை மாறும். துலக்குவதற்கு மாற்றாக எந்த மவுத்வாஷும் ஆகாது.

மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். குறித்த பற்களின் பையை அளந்து எண்ணைச் சொல்லக் கேளுங்கள். 3 மில்லிமீட்டர் வரை சரி, 4-ம் அதற்கு மேலும் ரத்தத்தோடு இருந்தால் சிகிச்சை வேண்டும். அந்த இடத்துக்கு எக்ஸ்ரே தேவையா, பழைய அடைப்பின் ஓரம் எப்படி இருக்கிறது, சாப்பாடு மாட்டும் இடுக்கை மூட முடியுமா என்று கேளுங்கள். சீழ், முகவீக்கம், காய்ச்சல், திடீரென்று ஆடும் பல் இவற்றுக்குத் தாள் வேண்டாம், நேரே போய்விடுங்கள். க்ளீனிங் முடிந்ததும் பலர் மறுபடி வருவதே இல்லை. நான்கு முதல் ஆறு வாரம் கழித்து அதே இடங்களைத் திரும்ப அளக்கச் சொல்லி, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.